மூழ்கியதற்கு விதி இல்லை

இருபது கொண்டை ஊசி வளைவு.
நாலு தடவை ஏறி நாலு தடவை இறங்கினால்
நூற்றி அறுபது.
இத்தனையும் திரும்பிய கைக்கு
ஒரு பலகை வளையாதா என்று
ஆரம்பித்ததுதான்.

முதல் பலகை பட்டென்று போனது.
ரோஸ்லின் அடுப்படியிலிருந்து
"டயரா?" என்றாள்.

விடுதியில் கழித்துக் கட்டிய இட்லிக் கொப்பரையை
அவள்தான் தூக்கி வந்தாள்.
மூடியில் ஓட்டை, ஓட்டையில் பிவிசி குழாய்,
குழாய் வாயில் கோணிச் சாக்கு.
பலகைக்கு ஒரு மணி நேரம்.
இட்லிக்குப் பத்து நிமிடம் போதுமே என்றாள்.
குழாயே கொஞ்சம் தொங்கிப்போயிற்று.
ஆனால் பலகை
தூக்கத்தில் புரண்டு படுக்கிற பிள்ளை மாதிரி
சொன்ன பக்கம் வந்தது.

மரம் சில்வர் ஓக்.
நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில்
ஐப்பசிக் காற்றுக்குச் சாய்ந்தது.
நம்பர் தகடு அடித்த ஆணி
உள்ளேயே கிடந்து
என் இழைப்புளியைப் பல் உடைத்தது.
ஆணியைப் பிடுங்கியாயிற்று.
சுற்றிலும் ஊறிய கறுப்பு மட்டும்
மூன்றாம் பலகையில்
ஒரு கண்ணாக இருக்கிறது.

செம்பு ஆணி செவ்வாய்ப்பேட்டையில், எடை போட்டு.
கண்டக்டர் செங்கோடன் வாங்கி வந்தார், டிக்கெட் பையில்.
சில்லறையோடு ஒரு ஆணியையும் பெற்ற பெரியம்மா
ஒண்டிக்கடையில் இறங்கி, திரும்பி வந்து,
"இது எந்த ஊர்க் காசு?" என்றார்.

மீன் பிடிக்கவா? இல்லை.
வாடகைக்கு விடவா? இல்லை.
பின்னே?

இந்தப் பின்னே-வுக்கு
பதினான்கு மாதம் பதில் தேடினேன்
ராத்திரி ஒன்பதுக்கு மேல்,
நாற்பது வாட் பல்பில்,
அம்மாப்பேட்டைத் தறிக் கழிவு நூலை
இடுக்குகளில் திணித்துத் திணித்து.
பதில் வரவில்லை. படகு வந்தது.

வெயிலில் கிடந்ததில் எல்லா இடுக்கும் வாய் திறந்திருந்தன.
பகல் வெளிச்சம் உள்ளே கோடு கோடாய்.
ஊற வைத்தால்தான் மரம் உப்பும்,
உப்பினால்தான் வாய் மூடும்.
ஊற வைக்க ஏரி வேண்டும்.
ஏரி படகு இல்லத்துக்காரர்களுடையது.

மேற்பார்வை இன்னாசி
விதித் தாளை எடுத்து, கண்ணாடி போட்டு,
இரண்டு தரம் படித்தார்.
"தனியார் படகு மிதக்கக் கூடாது,
அப்படித்தான் போட்டிருக்கு."
தாளை மடித்தார்.
"மூழ்கினதுக்கு ஒண்ணும் போடலை."

கரையோரம், முழங்கால் ஆழத்தில்,
நாலு பேர் தூக்கி வைத்து
நாங்களே முக்கினோம்.
பதினான்கு மாதத்தை ஒரு கல் வைத்து அழுத்தினேன்.
கையில் கொஞ்சம் நடுக்கம் இருந்தது,
சொல்லிக்கொள்ளவில்லை.

மூன்று ராத்திரி.
கடைசி நடை முடிந்து வந்து
டார்ச் அடித்துப் பார்ப்பேன்.
தண்ணீருக்குள் அந்தக் கறுப்புக் கண்
இமைக்காமல்.
உள்ளே சின்ன மீன்கள்
குடி வந்துவிட்டன, முன்பணம் இல்லாமல்.
ரோஸ்லின் போர்வையோடு வந்து நின்று
"அது நல்லா தூங்குது, நீ வா" என்றாள்.

நாலாம் நாள் விடிகாலை,
கரையே தெரியாத பனி.
கல்லை எடுத்தேன். வாளியால் இறைத்தேன்.
நூறு வாளி வரைக்கும் எண்ணினேன்,
அப்புறம் விட்டுவிட்டேன்.
மீன்களை முதலில் அனுப்பினேன்.
பிறகு உள்ளே உட்கார்ந்து
வெறுங்காலைப் பலகையில் பதித்துக்
காத்திருந்தேன்.

கால் ஈரமாகவில்லை.

கயிறு யூகலிப்டஸில் கட்டியிருந்தது.
கயிற்றின் நீளத்துக்கு ஒரு வட்டம் போனேன்.
பனிக்குள் திரும்பும்போது
வலது கை தானாக ஹாரனைத் தேடியது.
எதிரே யாரும் வரவில்லை.
ஒரு நீர்க்காகம், அதுவும் ஒதுங்கிக்கொண்டது.

துறையில் இன்னாசி
முதுகைக் காட்டிக்கொண்டு
லைஃப் ஜாக்கெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.
நான் இன்னும் கரைக்கு வரவில்லை.
மறுபடி
ஒன்றிலிருந்து தொடங்கினார்.

ஆறு பத்துக்கு வண்டி எடுக்க வேண்டும்.