ஐப்பசிக்கு முந்தைய நோட்டு

புயல் போன மறுநாள்
அறுபத்திரண்டு வீட்டிலும் முழங்கால் தண்ணீர்,
குடிக்க ஒரு குடமில்லை.
தெருமுனைக் கைப்பம்பில் வாஷர் போய்ப் பல வருஷம்.
மோட்டார் ஓடுகிற காலத்தில்
அதை யார் நினைத்தார்கள்?
தோல் வாஷர் நாற்பது ரூபாய்.
அன்றைக்கு ஆரம்பித்தது இந்த நோட்டு.

அட்டையில் என் மகனின் பெயர்,
ஆறாம் வகுப்பு, கணக்கு.
முதல் மூன்று பக்கம் பின்னங்கள்.
நான்காம் பக்கத்திலிருந்து எங்கள் தெரு.

ஆவணி பிறந்தால் வீடு வீடாகப் போகிறேன்.
குழுக்கடன் வசூல் என்று நினைத்து
கதவை மெல்லச் சாத்துகிறவர்களும் உண்டு.
பணம் கேக்க வரலை, கயிறு இருக்கா?

சித்திரவேல் வீட்டில் முப்பது மீட்டர் நைலான்,
போர் போட்ட லாரிக்காரன் விட்டுப்போனது.
மரம் அறுக்கும் மிஷின் சகாயநாதனிடம்;
பெட்ரோல் தெருவின் பொறுப்பு.
இந்துமதிக்கு நாள் கார்த்திகை பத்து.
இன்சுலின் போடுகிறவர்கள் நான்கு பேர்.
தாஜுதீன் பாய் இல்லையென்றார்;
அவர் மனைவி கொல்லைப்பக்கம் வந்து ஆமென்றார்.
கரண்ட் போகும் நாளுக்குப் பானைக்குள் பானை,
இடையில் ஈர மணல்.
வைத்துப் பார்த்தோம், கைக்குக் குளிர்ந்தது.

நீந்தத் தெரிந்தவர்கள் என்று ஒரு பக்கம்.
அடப்பாற்றங்கரையில் பிறந்த தெரு,
பதினேழு பேர்தான் தேறினார்கள்.
பெண்கள் இரண்டு.
அதில் நான் இல்லை.

என் வீட்டில் நீலப் பீப்பாயில் அரிசி,
மூடியைச் சுற்றி சைக்கிள் டியூப்.
உப்பு, புளி, வறுத்து அரைத்த மாவு.
ஊறுகாய் பாட்டிலில் தீப்பெட்டி.
பட்டா, ரேஷன் அட்டை, பையனின் பிறப்புச் சான்று
இரண்டு பால் கவருக்குள், வாயில் மெழுகு.
விதைநெல் பரணில்.
மேட்டூர் திறந்தால் ஒரு பயம்,
திறக்காவிட்டால் வேறொன்று,
இரண்டுக்கும் அதே பரண்தான்.

உலகம் முடியப்போவுதா என்று
சிரித்தார் வீட்டுக்காரர்.
முடிந்தால் தேவலையே.
முடியாமல் மறுநாள் காலையில்
எல்லாருக்கும் பசிக்கும்.

இருபதாம் பக்கம்: மாடிக் கட்டடத்தின் சாவி.
புயலுக்கென்றே கட்டிய கட்டடம்
அந்த ராத்திரி பூட்டிக் கிடந்தது.
சாவி வைத்திருந்தவர்
மகளுக்குச் சீர் கொண்டு கும்பகோணம் போயிருந்தார்.
வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து
கடப்பாரையோடு வந்து பூட்டை உடைத்தது காத்தையன்.
கதவு திறந்ததும்
எங்கள் தெரு முதலில் ஏறியது.
காலனிக்காரர்கள் படிக்கட்டில் நின்றார்கள்,
விடியும்வரை, நனைந்துகொண்டு.
இதை நான் நோட்டில் எழுதவில்லை.
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

போன மாதக் கூட்டத்தில் சொன்னேன்:
ஐந்து சாவி வேணும்,
ஒன்று வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்.
ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது கொஞ்ச நேரம்.
தலைவரைக் கேட்டுக்கலாமே என்றது ஒரு குரல்.
நான் கேட்கவில்லை.
திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்ட் எதிரே
ஒரு சாவி எழுபது ரூபாய்.

காத்தையன் வேலைக்குப் போயிருந்தார்.
மல்லிகேஸ்வரி வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.
"எங்ககிட்டதான் கடப்பாரை இருக்கே" என்றாள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன்.
வெயில் முதுகில் ஏறியது.
அப்புறம் அவளே கேட்டாள்:
"இந்த நோட்டுல எங்க வீடெல்லாம் இருக்கா?"

அறுபத்திரண்டு என்று நான் எண்ணியது
மதகுவரைக்கும்தான்.

சாவியை மஞ்சள் கயிற்றில் கோத்து
மீட்டர் பெட்டி ஆணியில் மாட்டினாள்.
நோட்டைக் கேட்டு வாங்கினாள்.
நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டி
நீச்சல் பக்கத்தில் நிறுத்தினாள்.
"பதினேழா?"

பேனா நான்தான் கொடுத்தேன்.
தன் பேரை முதலில் எழுதினாள்,
பிறகு மகள் பேர், நாத்தனார் பேர்,
பிறகு தெருவைப் பார்த்துச் சத்தம்போட்டு
ஒவ்வொருத்தராகக் கூப்பிட ஆரம்பித்தாள்.