மூன்று மில்லி

அறுபத்தோரு நாள் தடைக்காலம் முடிந்து
வண்டியை உதைத்தேன்.
படகுகளோடு அதுவும் சும்மாதானே கிடந்தது.
பதினாலாவது உதையில் கிளம்பியது,
கிளம்பிய கையோடு ஒழுகியது.
சிமெண்டுத் தரையில் முதலில் ஒரு ரூபாய் அகலம்,
பிறகு சோற்றுத் தட்டு அகலம், பெட்ரோல்.

கார்புரேட்டரைக் கழற்றி
முறுக்குச் சுட்ட பழைய வாணலியில் கவிழ்த்தேன்.
கிண்ணத்தின் அடியில் காய்ந்த பெட்ரோல்
கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டியிருந்தது,
வாசம்தான் வேறு.
மிதவை இரண்டு, கறுப்பு, பாக்கு அளவு.
காதோரம் வைத்துக் குலுக்கினேன்.
சத்தமில்லை. ஓட்டையில்லை.

வலையில் கட்டும் மிதப்பு வலையைத் தூக்கிப் பிடிக்கும்.
இது எழும்பி, வருகிற வழியை அடைக்கும்.
போதும் என்று சொல்லத் தெரிந்த சாமான்
இந்த வண்டியில் இது ஒன்றுதான்.

மட்டம் இருபத்தொன்று மில்லி என்று
பாம்பன் ஸ்பேர்ஸ் கடை சூசையப்பன்
சிகரெட் அட்டையில் எழுதித் தந்திருந்தான்.
செரீனாவின் ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து
ஸ்கேலை எடுத்தேன், கேட்காமல்.
நுனியை உடம்பில் முட்டக் கொடுத்து
ஒரு கண்ணை மூடி
நகக் கனத்துப் பித்தளை நாக்கை
ஸ்க்ரூடிரைவரால் ஒரு மயிரளவு நெம்பினேன்.
இருபத்தொன்று. சுத்தமாக இருபத்தொன்று.
ஒழுகல் நின்றது.
ராத்திரி சாப்பாட்டில் அதைப் பற்றி
இரண்டு தடவை பேசினேன்.

மறுநாள் பெட்டியில் நாற்பது கிலோ சூடை,
மேலே ஐஸ், அதற்கும் மேலே சாக்கு.
பாலம் ஏறுகிறேன்,
கச்சான் இடது கன்னத்தில் அறைகிறது.
உச்சியில், முறுக்கைத் திருகத் திருக
வண்டி இருமியது, திணறியது, நின்றது.
தெற்கே கடல் பொங்கிக்கொண்டிருந்தது.
வடக்கே அதே கடல்
பாய் விரித்த மாதிரி கிடந்தது.
ப்ளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு வெள்ளை.
ராமேஸ்வரத்திலிருந்து திரும்பிய வேனில்
ஜன்னல் வழியே ரயில் பாலத்தை எடுத்தவர்கள்
என்னையும் சேர்த்து எடுத்தார்கள்.

இறக்கத்தில் உருட்டி, சமதரையில் தள்ளி
மண்டபம் போய்ச் சேர்வதற்குள்
சூடைக்குக் கண் சிவந்துவிட்டது.
"கோழித் தீவனத்துக்குத்தான்" என்றான் ஏலக்காரன்,
மேலே பேசவில்லை.

சாயங்காலம் மறுபடி வாணலி.
அதே ஸ்கேல். அதே இருபத்தொன்று.
சூசையப்பனைத் திட்டினேன்.
பங்கில் தண்ணி கலக்குறான் என்று
யாரும் கேட்காமலே சொன்னேன்.

ஃபிலோமி ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தாள்.
கத்தரியை நிறுத்தாமல் கேட்டாள்:
"ஓரத்துலேருந்து அளக்குறீங்களா, சைபர்லேருந்தா?"

பார்த்தேன்.
ஸ்கேலின் ஓரத்துக்கும் முதல் கோட்டுக்கும் நடுவே
எண் எதுவும் குடியேறாத
வெறும் பிளாஸ்டிக், மூன்று மில்லி.
ஆக, என் இருபத்தொன்று இருபத்துநாலு.
கிண்ணம் நிறையும் முன்பே
மிதவை போதும் போதும் என்றிருக்கிறது,
பாலத்து உச்சியில், பசியின் நடுவிலும்.

"ஓரத்த அறுத்துடவா?"
"அது என் ஸ்கேலு!"
அடுத்த அறையிலிருந்து செரீனா.
அன்றைக்கு அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

அறுக்கவில்லை.
கோடு பதினெட்டில் வைத்து அளந்தேன்.
நெம்பிய நாக்கு அந்த மயிரளவு திரும்பி வந்தது.

போன வருஷம் மஞ்சள்காமாலையில்
என் கையில் குளுக்கோஸ் ஏற்றிய ட்யூப்,
ஃபிலோமி எதற்கோ பத்திரப்படுத்தியது.
கிண்ணத்தின் அடித்துளையில் மாட்டி
நிமிர்த்திப் பிடித்தேன்.
உள்ளே இருக்கும் மட்டம் வெளியே வந்து
ஆடி, ஆடி,
கிண்ணத்து விளிம்புக்குச் சற்றுக் கீழே நின்றது.
வாயில் குண்டூசிகளோடு அவளும் குனிந்து பார்த்தாள்.
ஏதோ சொன்னாள், குண்டூசிகளால் புரியவில்லை.

மறுநாள் அதே உச்சி, அதே காற்று.
இருமல் வரும் என்று முறுக்கைத் தளர்த்தினேன்.
வரவில்லை.
இரண்டு விளக்குக் கம்பம் தாண்டியும் நம்பாமல்
மெதுவாகவே போனேன்.

வீட்டில் செரீனா
ஸ்கேலை மூன்றாம் தடவை சோப்புப் போட்டுக் கழுவி
முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இன்னும் அடிக்குது" என்றாள்.