ஒன்றரை இஞ்ச் பிரஷ்

கப்பலூரில் கப்பல் இல்லை.
நாற்கரச் சாலை, சிட்கோ புகை,
எங்கள் பள்ளியின் கிழக்குச் சுவர்.
அதில் தெற்காசியா வேண்டுமென்றார் தலைமையாசிரியர்.
ஜூனில் ஆய்வு. மே முடிவதற்குள்.

இரண்டாயிரத்து ஒன்பது. வாக்குப்பதிவு முடிந்து இரண்டு நாள்.
சாவடி எண் இன்னும் சுவரில் இருந்தது;
அதன் மேல்தான் முதல் வெள்ளை.

உச்சப்பட்டி முகாமிலிருந்து தவராசா வந்தார்,
தோளில் ஏணி, ஒற்றைக் கையில் சைக்கிள்.
கூலி முந்நூறு, பெயிண்ட் எங்களுடையது.

சமூக அறிவியல் எடுப்பவள் என்று
அட்லஸோடு என்னை நிறுத்திவிட்டுப் போனார் தலைமையாசிரியர்.
"டீச்சர், மேலே காஷ்மீர் மட்டும்
மயிரிழை பிசகக் கூடாது, கேஸாயிரும்.
கீழே இருக்கிறது சும்மா
மாங்கொட்டை மாதிரி இருந்தாப் போதும்."

சாக்பீஸ் கட்டங்களில் நாடு இறங்கி வந்தது.
டெல்லிக்குச் சிவப்பில் ஒரு பொட்டு.
நீலம் கலக்கும்போது அவர் நிமிர்ந்தார்:
"ரீச்சர், உங்கட அளவுக்கு
இடையில கடல் முக்கால் இஞ்சுதான்.
என்னட்ட இருக்கிற பிரஷ் ஒன்றரை."

எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும்
நீலம் ஏதாவதொரு கரையில் ஏறியது.
கடைசியில் விரலால் பூசினார்.

பத்தாம் வகுப்புக்கு நான் நடத்துகிறேன்:
வெளியுறவுக் கொள்கையின் அடிப்படைகள், ஐந்து மதிப்பெண்.
அண்டை நாட்டோடு நல்லுறவு. தலையிடாமை.
பதினெட்டு வருடமாக எழுதி அழிக்கிறேன்.
அழிக்கையில் தூள் தொண்டைக்குள் போகும்,
அதைத் தவிர
அந்தக் கொள்கையால் எனக்கு எதுவும் நேர்ந்ததில்லை.

அவருக்கு நேர்ந்தவற்றை
வர்ணம் மாற்றும் இடைவெளிகளில் சொன்னார், வரிசையில்லாமல்.
அண்ணன் வள்ளமேறி இந்தக் கரைக்கு வந்து
சுடப் பழகித் திரும்பியது.
எண்பத்தேழு ஜூனில்
வானத்திலிருந்து மூட்டை மூட்டையாய் விழுந்தது;
"அம்மா ஒரு பிடி பருப்பைச்
சாமிப் படத்துக்கு முன்னால வச்சவ."
அந்த ஐப்பசியில் அதே கொடி போட்ட டாங்கி
வேலியை ஏறி வந்தது.
அண்ணனைக் கிணற்றடியில் புதைத்தார்கள்.
"துவக்குத் தந்ததும் அவை,
துவக்கைத் தா எண்டு வந்ததும் அவை."
தொண்ணூறில் இவருடைய வள்ளம். மண்டபம். உச்சப்பட்டி.
அடுத்த வருடத்திலிருந்து
மாலையானால் பேரேட்டோடு ஓர் ஆள் வந்து
தலை எண்ணிப் போகிறார்.

மறுக்கவோ ஆமோதிக்கவோ
என் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை.
டீ சொல்லட்டுமா என்றேன்.

முந்தாநாள் இதே கட்டடத்தில்
தொள்ளாயிரத்துச் சொச்சம் விரல்களுக்கு மை வைத்தேன்.
எல்லா மேடையிலும் இவருக்காகத்தான் அழுதார்கள்.
இவர் விரலுக்கு வைக்க என்னிடம் பட்டியல் இல்லை.

நாலு மணிக்குத் தீவு பச்சையாயிற்று,
வடகிழக்குக் கரையில் ஓர் அரிசியளவு தவிர.
அங்கே தங்கச்சி.
ஏப்ரலில் யாரோ பார்த்ததாகச் சொன்னார்கள், கடைசி மகளோடு.
நோக்கியாவை எடுத்து
நீல விரலால் அழுத்தி, காதில் வைத்து, எடுத்து,
மறுபடி பையில் போட்டார்.

"டெல்லி ஒரு சொல் சொன்னா நிக்கும், ரீச்சர்."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.
தான் வைத்த சிவப்புப் பொட்டைப் பார்த்து.
அதிலிருந்து ஒரு சொட்டு வழிந்து
போபால் வரை வந்திருந்தது.
துணியால் ஒற்றி எடுத்தார்,
காய்ச்சல்காரன் நெற்றியை ஒற்றுவதுபோல.

ஆறு மணிக்குள் போக வேண்டும் என்று
ஏணியை மடக்கும்போது தலைமையாசிரியர் வந்தார்.
மூக்குக் கண்ணாடியை ஏற்றி
காஷ்மீரை அட்லஸோடு ஒப்பிட்டார், திருப்தி.
பிறகுதான் கீழே பார்த்தார்.
"இங்க ஒரு துளி விட்டுப்போச்சே?"

"பச்சை முடிஞ்சுது, சேர்."

டப்பாவில் கால் லிட்டர் இருந்தது.
மூடியை எடுத்து
நான்தான் அழுத்தி மூடினேன்.