பதினாலு அங்குலம்

பைக் பிடிக்கப் போறேன் என்று
தவமலர் முதலில் சொன்னபோது
கப்சாய் ஒன்று வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன்.
பனியில் வழுக்கும், வேணாம்டி என்றேன்.
அரை நிமிடம் சிரித்தாள்.
பைக் என்பது மீனாம்.

பத்து மாவுங்கில் விடியற்காலை நாலு. புதன்கிழமை.
ஈரத் தரையில் ஐஸ் கட்டிகளைக்
கொக்கி போட்டு இழுத்து வருகிறேன்.
ஒவ்வொன்றும் என்னைப் போல் இரண்டு மடங்கு எடை,
ஆனால் வழுக்கும் பொருளுக்குப் பிடிவாதம் குறைவு.
அரவை வாயில் தள்ளினால்
எலும்பு கடிக்கிற சத்தம்,
அந்தப் பக்கம் வெள்ளைக் குவியல்.

கைப்பேசியை உப்பு மூட்டைமேல் சாய்த்திருக்கிறேன்.
அதற்குள் இன்னும் செவ்வாய்க்கிழமை,
பகல் இரண்டு மணி.
என் நேற்றுக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து
மீன் பிடிக்கிறாள் தங்கை.

வின்னிப்பெக்கிலிருந்து ஒன்றரை மணி நேரமாம்.
ஏரி என்கிறாள். எனக்குத் தெரிவது
கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டு.
அதில் தோசைக்கல் அளவுகூட இல்லாத ஒரு துளை.
குறுக்கே ஒரு கட்டை,
கட்டையில் மடக்கிய ஆரஞ்சுக் கொடி.
இரை, கடையில் வாங்கிய ஐஸ் மீன்.
பைக் கவ்வினால் கொடி நிமிரும்.
அதுவரைக்கும் எனக்கு வேலை இல்லக்கா,
என்றாள்.

சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினாள்,
மறுபடி மாட்டினாள்.

திடீரென்று அவளுக்குக் கீழே ஏதோ உறுமியது.
பெரிய வயிறு ஒன்று பசித்த மாதிரி
கரையிலிருந்து கரைக்கு ஓடிற்று.
விசையை அணைத்துவிட்டேன்.
என்னடி அது?
ஐஸ்தான். குளிர் ஏறினா பேசும். நல்ல சத்தம்.
எத்தனை கனம்?
பதினாலு அங்குலம். சின்ன லோரியே போகும்.

என் ஐஸ் உடையும்போது மட்டுந்தான் சத்தம் போடும்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
கொடி எழுந்தது.

ஓடினாள். கைப்பேசி விழுந்தது.
அடுத்த ஏழு நிமிடம் நான் பார்த்தது
வானம் மட்டும்.
வானம்கூட இல்லை, வெள்ளை.
அரிசி மாவைக் கரைத்துவிட்ட மாதிரி.
பூட்ஸ் நொறுக்கும் ஓசை, மூச்சு,
ஒரு கெட்ட வார்த்தை, தமிழில்தான்.

லோரி ஓட்டும் ரொஸ்லான் ஹாரனை விட்டுவிட்டு
உள்ளே வந்து பக்கத்தில் குந்தினார்.
அவரும் வெள்ளையைப் பார்த்தார்.
யார் என்று கேட்கவில்லை.

பிறகு அது திரையில் வந்தது:
அவள் கை நீளத்துக்கு ஒரு பச்சை,
உடம்பெல்லாம் வெளிறிய அவரை விதைகள்.
முகம் சீலா மாதிரி, அலகு வாத்து மாதிரி,
வாய்க்குள்ளே ஊசிப்பெட்டி கவிழ்ந்து கிடந்தது.
அவள் கன்னம் சிவந்து, இமையில் உறைபனி,
என் தங்கைக்கு இத்தனை பல் இருப்பதை
பல வருடம் கழித்துப் பார்த்தேன்.

கிலோ எவ்வளவு போகும் என்றார் ரொஸ்லான்.
நான் மொழிபெயர்ப்பதற்குள்
அவள் முழங்காலிட்டு
மீனின் தலையைத் துளைக்குள் விட்டாள்.
வால் ஒருமுறை தண்ணீரை அறைந்தது.
அவ்வளவுதான்.

சாயாங், என்றார் ரொஸ்லான்.
வீணாய்ப் போனதற்கும் அந்தச் சொல்தான்,
பிரியத்துக்கும் அந்தச் சொல்தான்.
எதைச் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

இருபத்திரண்டு வருடமாக எனக்குத் தெரிந்த ஐஸில்
மீன் மேலே கிடக்கும்.
கண் திறந்து, கெம்போங்கும் வாவலும்,
பசார் விழிக்கும்வரை கெடாமல்.
அடியில் மீன் உயிரோடு திரியும் ஐஸை
இன்றுதான் பார்க்கிறேன்.

செவ்வாய், பகல் இரண்டு மணி.
அந்த நேரத்தில் அவள் கிடங்கில்
அட்டைப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.
போன செவ்வாயும் இதே வாளி,
இதே தொப்பி.
கேள்வி என் பல்வரை வந்துவிட்டது.
வெளியே இன்னொரு லோரி ஹாரன் அடித்தது.

எத்தனை அங்குலம்னு சொன்னே?

பதினாலு.

இன்னொரு தடவை அளந்து பாரு.

சரிக்கா, என்றாள்.
அளக்கவில்லை.
பையிலிருந்து இன்னொரு மீனை எடுத்துக்
கொக்கியில் கோத்து இறக்கிவிட்டு
கொடியை மறுபடி மடக்கி வைத்தாள்.

விசையைப் போட்டேன்.
அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும்
காதில் விழவில்லை.
உதடு அசைந்துகொண்டே இருந்தது.