வெண்ணெய் உருகும் வரை

இருபத்தேழாம் வரிசை, பன்னிரண்டாம் நாற்காலி.
முதுகுப் பலகையில் விரிசல்.
ஏப்ரலில் புகார் எழுதிக் கொடுத்தேன்,
ஆகஸ்டில் பதிலாக ஒரு தொப்பி வந்தது.
நெற்றியில் ஒற்றைக்கால் கொக்கு.

ஒஹாயோ ஆற்றின் இந்தக் கரையில்
எங்கள் பேஸ்பால் அணிக்குக் கொக்குகள் என்று பெயர்.
நாற்பத்தொரு வெற்றி, எழுபத்தாறு தோல்வி.
அப்பாவின் சிமென்ட் குழாய்ப் பணத்தில்
அணியை வாங்கிய இளைய விட்லாக்
ஐந்தாண்டுத் திட்டம் என்கிறார்.
கொக்கின் தலையில் வெண்ணெய் வைப்பது,
வெயிலில் அது உருகிக் கண்ணை மறைப்பது,
பிறகு கையால் பிடிப்பது.
இது நாலாவது வருடம்.
வெண்ணெய்க்கு மட்டும் விலை ஏறியிருக்கிறது,
பார்க்கிங்குக்கும்.

ஜூலையில் எலிசியோவை விற்றார்கள்.
அவன் ஷார்ட் ஸ்டாப்பில் நின்றால்
அந்தப் பக்கம் உருளும் பந்துக்கே வெட்கம் வரும்.
பதிலுக்கு வந்தவை இரண்டு பெயர்கள்.
ஒன்றுக்குப் பதினெட்டு வயது,
இன்னொன்றுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை.
அன்றோடு டெல்ஃபின் வருவதை நிறுத்தினாள்.
பதினோரு வருடம் என் பக்கத்து நாற்காலி.
தபால் ஆபீஸ் வேலை முடிந்து சீருடையோடு வருவாள்,
வேர்க்கடலையில் பாதி எனக்கு.
இப்போது முழுப் பொட்டலமும் எனக்குத்தான்,
தின்று முடிக்க முடியவில்லை.

நேற்று ரென்ஷா பந்து வீசினான்.
இருபத்திரண்டு வயது, இடக்கை.
நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
கம்பிவடம் அறுவதற்கு முன் ஒரு முனகல் வரும்,
பழகிய காதுக்குக் கேட்கும்.
ஏழாவது இன்னிங்ஸில் அந்தப் பையனின் தோள் முனகியது.
மேலடுக்கில் எனக்குக் கேட்டது.
கூப்பிடு தூரத்தில், டக்-அவுட்டில் சாய்ந்தபடி,
மேனேஜர் லிண்ட்க்விஸ்ட்
சூரியகாந்தி விதையின் தோலைத் துப்பிக்கொண்டிருந்தார்.
புல்பென்னில் ஒருவரும் எழவில்லை.
எழச் சொல்ல ஒரு போன் இருக்கிறது. அதை எடுக்க
ஒரு கை வேண்டும்.

ரென்ஷா ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.
அந்தப் பார்வையை நான் மறக்கப் போவதில்லை.
தொண்ணூற்றெட்டு, நூற்றைந்து,
பென்சிலால் எண்ணிக்கொண்டே வந்தேன்.
நூற்றுப் பதினாறாவது பந்து
வேலியைத் தாண்டிப் போய்
யாருடைய கார்க் கண்ணாடியையோ உடைத்தது.
மூன்று பேர் நிதானமாக ஓடி வந்து சேர்ந்தார்கள்.
அப்போதுதான் லிண்ட்க்விஸ்ட் படியேறினார்,
வீடு எரிந்தபின் வாளியைத் தேடுகிறவர் மாதிரி.

பிறகு வானம் கறுத்தது.

மைதானப் பணியாளர்களின் தலைவி
லுசிண்டா ப்ரொஹாஸ்கா.
அவள் பெயர் எந்தப் பலகையிலும் ஒளிராது.
மேற்கே ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள்,
இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள்.
நடுவர் கையுயர்த்தும் முன்பே
பதினாலு பேர் தார்ப்பாய்ச் சுருளருகே நின்றார்கள்.
கை உயர்ந்தது, ஓடினார்கள்.
காற்று ஒரு மூலையைப் பிடுங்கியது.
அந்த மூலைமேல் அவளே போய் விழுந்து படுத்தாள்.
முதல் கனத்த துளி விழுந்தபோது
மண் முழுக்க மூடியிருந்தது.

மிச்சமிருந்த இரண்டாயிரம் பேரும் எழுந்து கத்தினோம்.
இந்த சீசனில் அப்படிக் கத்தியதில்லை.
லிண்ட்க்விஸ்ட் எட்டிப் பார்த்தார்,
யாருக்கு என்று புரியாமல்
தொப்பியைத் தொட்டுக்கொண்டார்.

ஆட்டம் அதோடு சரி.
செய்தியாளர்களிடம் விட்லாக் பொறுமை என்றார்,
மூன்று தடவை.
ரென்ஷாவின் தோளை நாளை ஸ்கேன் எடுக்கிறார்களாம்.

ஸ்கோர் தாளில் எட்டாவது இன்னிங்ஸ் கட்டத்துக்கு வெளியே
ப்ரொஹாஸ்கா என்று எழுதினேன்.
எழுத்துக்கூட்டல் சரியா, தெரியவில்லை.

அடுத்த வருட டிக்கெட் படிவம்
சட்டைப் பையிலேயே ஊறிப்போயிருந்தது.
ஃப்ரிட்ஜின் மேல் காயப் போட்டிருக்கிறேன்.
கிழிக்கவில்லை.
ஏன் என்று டெல்ஃபினும் போனில் கேட்டாள்.
வேர்க்கடலை மிச்சமிருக்கிறது என்றேன்.