ஈரக் கழிவு

கோத்தகிரியில் டேபிள் ஃபேன் வைத்திருப்பது
எனக்குத் தெரிந்து என் கடை ஒன்றுதான்.
சூடேறிச் சாகக் கிடக்கும் டிஸ்க்குகளுக்காக வாங்கியது.

அரவேனு இலை ஃபேக்டரியின் கணக்கர் போஜராஜன்
ஜெர்கினைக் கழற்றி சிபியூவுக்குப் போர்த்தி
தான் நனைந்து வந்திருந்தார்.
"ஆன் ஆக அரை மணி ஆகுது.
அதுக்குள்ள ரெண்டு டீ குடிச்சிடறேன்.
இப்ப என்னடான்னா
உள்ள யாரோ நகம் வெட்டுற சத்தம்."

காதை வைத்துக் கேட்டேன்.
டிக். டிக். ஒரு மூச்சு இடைவெளி. டிக்.
பதினொரு வருஷத்து இலை எடை அதற்குள்.

பழையது ஐந்நூறு ஜிபி, புதியது நானூற்று எண்பது.
இடம் போதாது என்றது மென்பொருள்.
உள்ளே இருந்ததோ தொண்ணூறு.
போதாமல் போனது
இருந்ததற்கு அல்ல, இல்லாததற்கு.
காலியைச் சுருக்கினேன்.
காலியைச் சுருக்கவே ஒரு மணி நேரம்.

பிறகு நாற்பத்தொரு சதவீதத்தில் நின்றது.
கேபிளை மாற்றினேன். நாற்பத்தொன்று.
போர்ட்டை மாற்றினேன். நாற்பத்தொன்று.
கட்டபெட்டுப் பக்கம் மரம் விழுந்து கரண்ட் போனது,
இன்வெர்ட்டர் கீச்சென்று எழுந்தது.
நாற்பத்தொன்று.

படிக்க முடியாததில் முட்டிக்கொண்டு நிற்காதே,
தாண்டிப் போ, கிடைப்பதை எடு,
அப்புறம் கடைசியிலிருந்து பின்னோக்கி வா
என்று வேறொரு கருவியிடம் சொல்லிவிட்டு
ஷட்டரைப் பாதி இறக்கி
வர்க்கியை டீயில் நனைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.
ஃபேன் சுற்றியது.
மஞ்சு ஷட்டருக்கு அடியில் நுழைந்து
முழங்கால் உயரத்தில் நின்று
சார்ஜர்களைப் பார்த்துவிட்டுப் போனது.

விடியும்போது எல்லாம் வந்திருந்தது,
முப்பத்திரண்டு செக்டர் தவிர.

இரண்டையும் ஒன்றாக மாட்டிப் பார்த்தால்
புதியதைக் காணோம்.
வயிறு கலங்கியது.
கெடவில்லை, அடையாள எண் முதற்கொண்டு அச்சு நகல்.
ஒரே பெயரில் இருவர் வந்து நின்றால்
ஒருவரை வெளியே நிறுத்துவது அதன் சட்டம்.
எங்கள் லைனில் இரண்டு சிவபாக்கியங்களுக்கு
ரேஷன் கடையில் நடந்ததும் இதேதான்.

பழையதைக் கழற்றினேன்.
கறுப்புத் திரை. ஒரு கோடு மட்டும் கண்சிமிட்டியது.
மதர்போர்டில் காசு போலிருக்கும் பேட்டரி செத்து
பயாஸ் தன் கடையில் வாங்கிய நாளுக்கே திரும்பியிருந்தது.
பூட் முறையைப் பழையபடிக்கு மாற்றினேன்.
பதினான்கு விநாடி.

பத்து மணிக்கு வந்த போஜராஜன்
டீ சொல்லத் திரும்புவதற்குள் திரை தயார்.
என்ன செய்வதென்று தெரியாமல்
கையைக் கையோடு தேய்த்துக்கொண்டார்.

"ஒரு ஃபைல் மட்டும் திறக்கல" என்றேன்.
"ரெண்டாயிரத்துப் பதினேழு, ஜூலை. ஈரக் கழிவு."

மழை நாளில் இலையோடு வரும் தண்ணீருக்காக
நூறு கிலோவுக்குப் பன்னிரண்டு, பதினைந்து என்று
ஃபேக்டரி கழித்துக்கொள்ளும் கணக்கு.
அந்த மாதம் இருபத்தாறு கழித்தார்கள்.
எப்படித் தெரியும் என்றால்
அண்ணியின் இலைப் புத்தகத்தில் இருக்கிறது,
நீல பால்பாயிண்டில், அடியில் இரண்டு கோடு,
பீரோவில், கல்யாணப் புடவைக்குக் கீழே.

அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.
"அது மட்டும்தானே?" என்றார்,
தோள் கொஞ்சம் இறங்க.

பில் ஆயிரத்து எண்ணூறு.
ஆயிரத்து ஐந்நூறை எண்ணி மேசையில் வைத்து
"மழையில வந்திருக்கேன்மா,
முந்நூறு கழிச்சுக்கிட்டேன்" என்று சிரித்தார்.

பழைய டிஸ்க்கை உடைத்துப் போடச் சொல்லியிருக்கிறார்.
துடைத்து, தேதி எழுதி
மேல் தட்டில் வைத்திருக்கிறேன்.
ஃபேனை இன்னும் அந்தப் பக்கமிருந்து
திருப்பவில்லை.