காணி இலக்கம் 412

வாலைச் சுருட்டிப் படுத்த நாயைப் போல ஒரு குறி.
அதன் பின்னால் ஒரு சொல், ஒரு பாதை.
அவ்வளவுதான் அனோட்டேஷன்.
மெதட்டின் தலைக்குமேல் அதை எழுதிவிட்டால்
வெளியிலிருந்து வருகிற கேள்வி
யாரையும் விசாரிக்காமல்
நேரே அதனிடம் போய் நிற்கும்.

ஒட்டுசுட்டானில், உரக்கடைக்கு மேல்மாடியில்,
எங்கள் கொம்பனிக்கு ஓர் அறை, மூன்று கதிரை.
காணிக்கிளைக்கு மென்பொருள் எழுதுகிறோம்.
இலக்கத்தைத் தட்டினால்
உத்தரவுப்பத்திரம் யாருடையது என்று சொல்ல வேண்டும்.
தவணை வெள்ளியோடு முடிகிறது.

கேட்பதற்குக் கெற், கொடுப்பதற்குப் போஸ்ற்.
பாதையின் கடைசியில் ஓரிடத்தை மட்டும்
நெளிந்த அடைப்புக்குறிக்குள் வெறுமையாக விட்டேன்.
எந்த இலக்கமும் அதில் வந்து குந்தலாம்.
யாரும் எழுதாத பாதையில் வருபவருக்கு
நானூற்று நான்கு. வந்த வழியே திரும்பலாம்.

இதை விளக்கியபோது காணிக்கிளைச் சிவஞானவதி
"அதைத்தானே நாங்களும் சொல்லுறம்,
நாளைக்கு வாங்கோ எண்டு" என்றார்.
இல்லை அக்கா,
நாளைக்கு வாங்கோ என்பது ஐந்நூற்று மூன்று.

சேர்வர் எழும்பும்போது
கோப்புக் கோப்பாக நடந்து
குறியுள்ளவர்களை அட்டவணையில் பதியும்,
வாக்காளர் இடாப்போடு விதானையார்
படலை படலையாக வருவதுபோல.
குறி இல்லாத மெதட்டுகளும் இருக்கின்றன.
உள்ளுக்குள் உழைக்கின்றன.
வெளியிலிருந்து யாராலும் அவற்றைக் கூப்பிட முடியாது.

செவ்வாய் காலை சேர்வர் எழும்பவில்லை.
பாதியில் நின்று
சிவப்பில் ஒரு பக்கம் கக்கியது.
பழைய பதிவேட்டைத் தேட நான் எழுதியதற்கும்
புதிய பதிவேட்டைத் தேடக் கபிதரன் எழுதியதற்கும்
தலையில் ஒரே குறி, ஒரே பாதை.
ஒரு பாதைக்கு இரண்டு பேர் என்றால்
அது சமாதானம் பேசாது,
முதலில் வந்தவர் யாரென்று பார்க்காது.
தொடங்காது.

அந்தப் பிடிவாதத்தின்மேல்
எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது.

ஏனென்றால் 412.
முத்தையன்கட்டு இடதுகரையில் இரண்டு ஏக்கர்.
எண்பத்தொன்றில் வேலாயிக்கு ஒரு பத்திரம்;
ஹற்றன் பக்கமிருந்து லொறியில் வந்து
பாலையும் வீரையும் வெட்டி நிலமாக்கியவள்.
இரண்டாயிரத்துப் பன்னிரண்டில்
மரியநாயகத்துக்கு இன்னொன்று.
அவரும் எங்கோ எதையோ விட்டுவிட்டு வந்தவர்தான்.
இரண்டிலும் முத்திரை, இரண்டிலும் கையெழுத்து,
இரண்டிலும் வடக்கெல்லை வாய்க்கால்.
வேலாயி திரும்பி வந்த மாதம்
மரியநாயகத்தின் கச்சான் பூத்திருந்தது.
யாரும் சிவப்பில் எதையும் எழுதவில்லை.
அலுவலகம் அன்றும் எட்டரைக்குத் தொடங்கியது.

"ஒண்டை அழிப்பம், புதுசை வைப்பம்"
என்றான் கபிதரன்.
மெதட்டைத்தான் சொன்னான், எனக்குத் தெரியும்.
இருந்தும் நீக்கும் விசைமேல் விரல்
கொஞ்சநேரம் சும்மா கிடந்தது.

கரண்ட் இரண்டுதரம் போய் வந்தது.
இருட்டுமுன் மாற்றி முடித்தேன்.
ஒரு பாதை, ஒரு மெதட், ஒரு குறி.
ஆனால் அது திருப்பித் தருவது
பெயர் அல்ல, பட்டியல்.
ஒருவர் இருக்கலாம். ஒருவருமே இல்லாமலிருக்கலாம்.
இருவர் இருக்கலாம்.

சேர்வர் எழும்பியது. 412 என்று தட்டினேன்.
வேலாயி.
அதன் கீழே மரியநாயகம்.
எப்படி அடுக்குவதென்று நான் எழுதவில்லை,
அதுவாக அப்படி வந்தது.
மூலையில் சின்ன எழுத்தில் பதிலின் நிலை, இருநூறு.
எல்லாம் சரி என்று அதற்குப் பொருள்.

மறுநாள் சிவஞானவதி திரையைப் பார்த்தார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி பார்த்தார்.
"பெட்டிக்குள்ளை ஒரு பேருக்குத்தான் இடமிருக்குப் பிள்ளை."
"பெட்டியைப் பெருப்பிக்கலாம் அக்கா."

"எவ்வளவுக்கு?" என்று கேட்டார்.